கிளிப்பச்சைக் கேசட்

இது நடந்தது. கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பேய் என்றால் நடுராத்திரி, புளியமரம், வெள்ளைச் சேலை என்று காத்திருப்பவர்களும் கிளம்பலாம். இது பட்டப்பகலில் நடந்தது. வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில், ராஜபாளையம் தென்காசி ரோட்டில், பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற இடத்தில் நடந்தது.

அங்கே அபுதாஹிர் ஒரு ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தான். வேண்டிய பாட்டைச் சொல்லிவிட்டுப் போனால் சாயங்காலத்துக்குள் கேசட்டில் பதிந்து கொடுப்பான். கடைக்குப் பின்னால் தெர்மகோல் ஒட்டிய சின்ன அறை ஒன்று உண்டு. தமாமிலும் துபாயிலும் புருஷனோ மகனோ இருக்கிறவர்கள் அங்கே வந்து உட்கார்ந்து, மைக்கில் அழுது, சிரித்து, குடும்ப நியாயம் பேசிவிட்டுப் போவார்கள். அந்தக் கேசட்தான் அவர்களுக்குக் கடுதாசி. அபுதாஹிர் தொழிலில் கெட்டிக்காரன்தான். ஆனால் வாயைத் திறந்தால் பொய். அதுவும் நெஞ்சு கூசாத பொய்.

தொண்ணூறாம் வருஷம் சமுத்திரம் என்று ஒருவர் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு அவன் கடைக்கு வந்தார். கூமாப்பட்டிக்காரர். தானே பாட்டுக் கட்டி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிறவர். இருந்த தென்னந்தோப்பை விற்று மெட்ராஸுக்குப் போய், நாற்பது வயலின் வைத்து, புல்லாங்குழல், செல்லோ என்று ஒரு பட்டாளத்தையே உட்கார வைத்து, எண்பத்தாறில் ஒரு கேசட் போட்டிருந்தார். ‘மேற்கு மலை’ என்று பேர். அதுதான் அவருக்கு முதல் கேசட். சினிமாப் பாட்டும் இல்லை, சாமி பாட்டும் இல்லை, சீந்துவார் இல்லை. எந்தப் பத்திரிகையும் ஒரு வரி எழுதவில்லை. கேசட்டின் நிறம் மட்டும் விசேஷம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கையில் இருக்கிறதே கிளி, அந்தப் பச்சை. அதுதான் வேண்டும் என்று கம்பெனிக்காரனோடு மல்லுக்கட்டி வாங்கினாராம்.

"நாலு வருசமா வீட்டுல கெடக்கு பாய். மிச்சம் மீதி அம்புட்டும் இதுல இருக்கு. வித்தா வில்லுங்க. விக்கலைன்னா ஒரு மூலையில கெடக்கட்டும். அழிச்சு மட்டும் போட்டுராதீக."

"என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லுதீக? பாட்டை யாராச்சும் அழிப்பாகளா?"

அழித்தான். அந்த மாதமே ஆரம்பித்துவிட்டான். பாட்டோடு வருகிற கேசட்டின் முதுகில் இரண்டு பல்லை உடைத்து ஓட்டை விட்டிருப்பார்கள், மேலே யாரும் பதியக் கூடாது என்று. அந்த ஓட்டையில் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டிவிட்டால் போதும், காலிக் கேசட் ரெடி. இது எல்லா ரெக்கார்டிங் கடைக்காரனுக்கும் தெரிந்த வித்தை. சமுத்திரத்தின் தோப்பும் நாற்பது வயலினும் செல்லோடேப்புக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. மேலே சினிமாப் பாட்டு வந்து உட்கார்ந்தது. அதற்கும் மேலே ஒரு வெள்ளை லேபிள்.

அதில் ஒன்றில்தான் தன் மகளையும் பதிந்தான். வேண்டுமென்று செய்யவில்லை. கையில் முதலில் அகப்பட்டது அது, அவ்வளவுதான்.

அது மறு வருஷம். மாஜிதாவுக்கு அப்போது நாலு வயது. பெருநாளைக்கு எடுத்த புதுப் பாவாடையோடு மைக் முன்னால் உட்கார்ந்தாள். "அத்தா, நான் சொல்லவா?" என்று கேட்டாள். "சொல்லும்மா" என்றான் அபுதாஹிர். இருபது வரை எண்ணினாள், பதிமூன்றை விட்டுவிட்டு. எதிர்வீட்டு ஆடு மாதிரி கத்தினாள். பிறகு தன் சத்தத்துக்குத் தானே சிரித்தாள். இவ்வளவுதான் அந்தக் கேசட்.

கொஞ்ச நாள் கழித்து சமுத்திரம் மறுபடி வந்தார். தன்னிடம் ஒன்றுகூட இல்லை, கேட்க ஆசையாக இருக்கிறது, ஒரே ஒரு கேசட் கொடுங்கள் என்றார். அபுதாஹிர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"எல்லாம் வித்துப் போச்சு அண்ணாச்சி."

சமுத்திரம் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அழுதேவிட்டார். மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்ப் பால்கோவா வாங்கிக்கொண்டு வந்து நின்றார். கடையில் விளையாடிக்கொண்டிருந்த மாஜிதாவுக்கு ஊட்டிவிட்டார். "பாப்பா கொரலு எம்புட்டு இனிப்பா இருக்கு! அடுத்த கேசட்டுல எங்கூடப் பாட வாரியா?" என்று கேட்டார். வாய் நிறையப் பால்கோவாவை வைத்துக்கொண்டு குழந்தை தலையை ஆட்டியது.

அதற்குப் பிறகு அவர் கடைப் பக்கம் வரவில்லை. தொல்லை விட்டது என்று அபுதாஹிரும் மறந்துபோனான்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் மாஜிதாவுக்குக் காய்ச்சல் கண்டது. மூளைக் காய்ச்சல் என்றார்கள். பிள்ளை போய்விட்டது.

பிறகு அந்த வீட்டில் மிஞ்சியது அந்தக் கேசட்தான். வெள்ளிக்கிழமை அபுதாஹிர் ஜும்மாவுக்குப் போனதும் நூர்பானு டூ இன் ஒன்னில் அதைப் போட்டுக் கேட்பாள். ஒரு முறைதான். தேய்ந்துவிடும் என்று பயம். கேட்டதும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொள்வாள். அந்த ஒரு முறைக்காகத்தான் அவள் மற்ற ஆறு நாளும் சோறு தின்றாள் என்று சொன்னால் மிகையில்லை.

தொண்ணூற்று மூன்றில் ஆரம்பித்தது.

முதலில் வந்தது எதிர்ச்சாரி டீக்கடை ஐயாதுரை. கேசட்டை மேசையில் பொத்தென்று போட்டார்.

"ஏம் பாய், காசு குடுத்துத்தான வாங்குனேன்? பாட்டுக்குள்ள வேற எவனோ பாடுதானே?"

போட்டுப் பார்த்தான். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் வருகிற இடைவெளியில், தூரத்தில், வயலின். அதற்கு அடியில் ஓர் ஆண் குரல். பதிகிற டெக்கில் அழிக்கிற ஹெட் தேய்ந்திருக்கும், பழைய பாட்டு சரியாக அழியவில்லை என்று நினைத்தான். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான். அப்புறம் ஹெட்டையே புதிதாக மாற்றினான். ஐயாதுரைக்கு மறுபடி பதிந்து கொடுத்தான்.

இரண்டே நாள். ஐயாதுரை திரும்பி வந்தார். இப்போது அந்தக் குரல் இடைவெளியில் இல்லை. சினிமாப் பாட்டின் மேலேயே ஏறி நின்றது.

அடுத்தவள் சம்சாத் பேகம். புருஷன் தமாமில். கடைக்குள் வரும்போதே கத்திக்கொண்டு வந்தாள்.

"நல்லாருப்பியளா நீங்க? எங்க வீட்டுக்காரவுக போன் போட்டு நாறடிச்சிட்டாக! நான் பேசுததுக்குப் பொறத்தால ஒரு ஆம்பள பாடுதானாம். யாருடி அவன், வீட்டுல யார வச்சிருக்கன்னு கேக்காக. நான் யாரக் கைகாட்ட?"

கேசட்டை தமாமிலிருந்து வந்த ஆள் கையில் திருப்பி அனுப்பியிருந்தான் அவள் புருஷன். அபுதாஹிர் அதைத் திருப்பிப் பார்த்தான். பச்சை. ஐயாதுரையின் கேசட்டை எடுத்தான். அதுவும் பச்சை. பச்சை நிறத்தில் இன்னொன்று எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாதா?

அன்று வீட்டுக்குப் போய்ப் பதமாகத்தான் கேட்டான்.

"நூரு, புள்ள கேசட்டைக் குடேன். புதுசுல ஒரு காப்பி போட்டுத் தாரேன்."

"வேணாம். நீங்க கடைக்குக் கொண்டு போனா அது மேலயும் எதையாச்சும் பதிஞ்சிருவீக."

அவள் சும்மாதான் சொன்னாள். கடைசியாக ஒரு வேலை செய்தான். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகிற மாதிரிக் கடையைச் சாத்திவிட்டு, அவள் கேசட்டைப் பூட்டி வைக்குமுன் வீட்டுக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டாவது வருவது என்று தீர்மானித்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. பன்னிரண்டே கால் மணி. தொப்பியைப் போட்டுக்கொண்டு ஷட்டரில் கை வைத்தான்.

கரண்ட் போனது.

ஃபேன் தளர்ந்து நின்றது. பக்கத்து மாவு மில் நின்றது. தெருவில் திடீரென்று ஓர் அமைதி.

பின்னறையில் மட்டும் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

சர்ர்ர்ர்...

டெக். கரண்ட் இல்லாமல் டெக் எப்படி ஓடும்? போனான். கதவைத் தள்ளினான். உள்ளே இருட்டு. லெவல் காட்டுகிற முள் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. டெக்கின் மூடியைத் திறந்து விரலை விட்டான்.

கேசட் இல்லை.

பல் சக்கரங்கள் இரண்டும் வெறுமனே சுற்றின. அவன் விரலை உரசின. ஐஸ் மாதிரி இருந்தன.

ஸ்பீக்கரில் மூச்சுச் சத்தம். ஒருத்தர் மூச்சு இல்லை. ஓர் அறை நிறைய ஆட்கள், வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆரம்பிக்கக் காத்திருக்கிற மூச்சு.

பிறகு வயலின். நாற்பதும். ஒன்றாக.

சட்டென்று நின்றது.

"வித்துப் போச்சா, பாய்?"

அபுதாஹிர் சுவரோடு ஒட்டினான்.

"எல்லாமா... வித்துப் போச்சு?"

கலிமா சொல்லப் பார்த்தான்.

"ஒண்ணு பாக்கி இருக்குல்லா..."

சர்ர்ர்...

"உங்க வீட்டுல."

ஷட்டரைப் போடவில்லை. செருப்பைத் தேடவில்லை. ஓடினான். பள்ளிவாசலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், "ஏலே தாஹிரு, எங்கலே ஓடுத?" என்று கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை. சந்து திரும்பும்போதே கேட்டுவிட்டது. வயலின்.

நூர்பானு டூ இன் ஒன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் சிரிப்பு. ரெண்டு வருஷமாக அவன் பார்க்காத சிரிப்பு.

"புள்ள இப்பத் தனியா இல்லைங்க" என்றாள். "கூட ஒருத்தரு பாடுதாரு."

"எத்தன நாளா?"

"ஆச்சு, கொஞ்ச வாரமா. உங்ககிட்ட சொன்னா கேசட்டப் பிடுங்கிட்டுப் போயிருவீக. அதான் சொல்லல."

"நூரு... கரண்ட் இல்லையே."

அவள் திரும்பிப் பார்த்தாள். ஒயர் சுவரில் இல்லை. தரையில் கிடந்தது. பேட்டரி போட்டதே இல்லை.

"அத்தா, நான் சொல்லவா?"

மாஜிதா. அச்சு அசல் மாஜிதா. இதற்கு அடுத்து அவன் குரல் வர வேண்டும். சொல்லும்மா என்று வர வேண்டும்.

வரவில்லை.

"அத்தா?"

வயலின் ஏறியது.

"அத்தா... அத்தா..."

குரல் தள்ளிப் போனது. யாரோ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி.

நிறுத்துகிற பட்டனை அமுக்கினான். அமுங்கவில்லை. குத்தினான். மூடியைப் பிய்த்தான். நூர்பானு அலறினாள்.

டக்.

தானாக நின்றது.

கரண்ட் வந்தது. அந்தக் கேசட்டை இரண்டு பக்கமும் முழுசாகப் போட்டுப் பார்த்தார்கள். எண்ணிக்கையும் இல்லை, ஆட்டுச் சத்தமும் இல்லை, சிரிப்பும் இல்லை. ‘மேற்கு மலை’ மட்டும் இருந்தது. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, நேற்றுப் பதிந்த மாதிரி, ஒரு கீறல் இல்லாமல்.

நூர்பானு வெள்ளை லேபிளை நகத்தால் உரித்தாள். பச்சை தெரிந்தது. முதுகில் ஒட்டியிருந்த செல்லோடேப்பைத் தடவிப் பார்த்தாள்.

"இது யாரு பாட்டு? யாரு பாட்டு மேல எம் புள்ளைய வச்சீக?"

அபுதாஹிர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொய்யும் கலக்காமல் சொன்னான். அவள் திட்டவில்லை, அடிக்கவில்லை. துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். "கெளம்புங்க" என்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி வத்திராயிருப்பு பஸ் பிடித்தார்கள். கூமாப்பட்டியில் விசாரித்துப் போனபோது வெயில் மலைப்பக்கம் சாய்ந்திருந்தது. சமுத்திரத்தின் வீட்டில் அவர் சம்சாரம் பிச்சையம்மாள் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். யார் என்று சொன்னதும் அவள் கை நின்றது.

"நீதானா அந்தப் பாய்?"

"அண்ணாச்சியைப் பாக்கணும்க்கா."

"பாக்கப் போறியா? போயி ரெண்டு வருசமாச்சு. எம் பாட்டு அம்புட்டும் வித்துப் போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரு. முட்டாயி வாங்கிக் குடுத்தாரு. ஒரு நாளு பஸ்ஸுல வரும்போது டிரைவர் பச்சைக் கேசட்டத் தூக்கிப் போட்டுருக்கான். என் பாட்டுன்னு எந்திரிச்சு நின்னுருக்காரு மனுசன், எல்லாருக்கும் முன்னால. பாடுனது எவனோ. கேசட்டத் திருப்பிப் பாத்தா செல்லோடேப்பு. டிரைவர்கிட்டக் கெஞ்சி வாங்கிட்டு வந்தாரு. வித்த தோப்புக் கெணத்துல கெடந்தாரு மறுநாளு. சட்டப் பையில அந்தக் கேசட்டு."

அபுதாஹிர் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டான். நூர்பானு முன்னால் வந்தாள். அந்த அம்மாளின் காலைப் பிடித்தாள்.

"இவுக செஞ்சது பாவம்தான்க்கா. எம் புள்ள என்ன செஞ்சா? அவ கொரலு ஒண்ணுதான் இருந்துச்சு எனக்கு. அதக் குடுக்கச் சொல்லுங்க."

"செத்தவருகிட்ட நான் என்னத்தச் சொல்ல?" பிச்சையம்மாள் காலை இழுத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். ஒரு பச்சைக் கேசட். மேலே கம்பெனி சுற்றிய கண்ணாடித்தாள் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

"எண்பத்தாறுல மெட்ராஸுலயிருந்து வந்த மொதக் கட்டுல நான் எடுத்து ஒளிச்சு வச்சது. அவருக்கே தெரியாது. இது ஒண்ணுதான் தப்பிச்சது. அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணு. ஒரு ஆளாச்சும் உக்காந்து முழுசாக் கேக்கணும். ஒருத்தனும் கேக்கல. நீங்க கேளுங்க. பாதியில எந்திரிச்சீக, அடுப்புல போட்டுருவேன்."

ஒரு டேப் ரெக்கார்டரை எடுத்து வைத்து, அவர்கள் கண் முன்னாலேயே பல்லால் கடித்துத் தாளைப் பிரித்தாள். போட்டாள்.

பாட்டு நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை. அபுதாஹிர் அந்தப் பாட்டுகளை அழித்தானே தவிர, ஒன்றைக்கூட முழுசாகக் கேட்டதில்லை. மலை இறங்கி வருகிற மழை மாதிரி அந்த நாற்பது வயலினும் வந்தன. அதன் நடுவில் சமுத்திரத்தின் குரல், கெஞ்சாமல், அவசரப்படாமல் பாடியது. முதல் பாட்டு, இரண்டாவது, மூன்றாவது.

நாலாவது பாட்டில், வயலின் தணிகிற இடத்தில், யாரோ சிரித்தார்கள்.

சின்னப் பிள்ளை.

நூர்பானு அவன் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

பிச்சையம்மாள் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தாள். "இதுல புள்ளைக சத்தம் கெடையாதே" என்றாள். "ரெக்கார்டிங்குக்கு நானும்தான போயிருந்தேன்... ஒரு புள்ளையும் வரலியே..."

எண்பத்தாறில் ஒட்டிய தாள். மாஜிதா பிறந்தது எண்பத்தேழில்.

"அத்தா, நான் சொல்லவா?"

அபுதாஹிர் வாயைத் திறந்தான். சொல்லும்மா என்று சொல்லத்தான் திறந்தான்.

அதற்குள் பதில் வந்துவிட்டது. கேசட்டுக்குள்ளிருந்தே வந்தது. ரொம்பப் பிரியமாக, சமுத்திரத்தின் குரலில் வந்தது.

"சொல்லும்மா."

அவள் எண்ணினாள். பன்னிரண்டு, பதினாலு. வயலின்கள் அவள் எண்ணிக்கைக்குத் தாளம் பிடித்தன.

பிச்சையம்மாள் அந்தக் கேசட்டைக் கொடுக்கவில்லை. எவ்வளவு காலில் விழுந்தும் கொடுக்கவில்லை. வேண்டுமானால் வந்து கேளுங்கள் என்றாள். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு பேரும் கூமாப்பட்டிக்குப் போனார்கள். இரண்டு பக்கமும் முழுசாகக் கேட்டார்கள். ‘மேற்கு மலை’யின் எட்டுப் பாட்டும் நூர்பானுவுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. வீட்டில் அரிசி களையும்போது முணுமுணுப்பாள். நிறுத்து என்று சொல்ல அபுதாஹிருக்கு வாய் கிடையாது. ஒவ்வொரு முறை ஓடும்போதும் டேப் தேயும் என்பது அவனுக்குத் தெரியாததா? வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக அவனே மறுபடியும் அழித்துக்கொண்டிருந்தான்.

தாங்காமல் ஒரு வெள்ளிக்கிழமை தோள்பைக்குள் ஒரு சின்ன ரெக்கார்டரை ஒளித்துக் கொண்டுபோனான். பிச்சையம்மாளுக்குத் தெரியாமல், புத்தம்புதுக் காலிக் கேசட்டில், முழுசையும் பதிந்தான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் போட்டுக் கேட்டார்கள். முதல் பாட்டு வந்தது. இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் துல்லியமாக வந்தன. நாலாவது பாட்டில் வயலின் தணிந்தது.

சிரிப்பு இல்லை. "அத்தா" இல்லை. பிள்ளை கேட்கிற இடம் காலியாக இருந்தது.

சர்ர்ர்...

பிறகு, அவர்கள் வீட்டுக்குள், அந்தப் புதுக் கேசட்டில், சமுத்திரம் மட்டும் பதில் சொன்னார்.

"சொல்லும்மா."